நாற்பது விநாடிக் குரல்

1

ஜெர்மனியில் மஞ்சள் உறையில் தபால் வந்தால் அது பிறந்தநாள் வாழ்த்தாக இருக்காது. நீதிமன்றமோ நகராட்சியோ அனுப்பியிருக்கும். தபால்காரர் உறையின் மேல் பேனாவால் தேதியை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். அந்தத் தேதியிலிருந்து நாள் ஓடத் தொடங்கிவிடும். போன நவம்பரில் எனக்கு அப்படி ஒன்று வந்தது.

டோர்ட்முண்ட் நகரத்தில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். லிஃப்ட் பராமரிப்பு வேலை. எந்த மாடியில் எந்த ஒயர் போகிறது என்று ஜெர்மன் மொழியில் என்னால் சண்டை போட முடியும். ஆனால் அரசாங்கக் கடிதம் என்றால் இன்றைக்கும் மகளைத்தான் கூப்பிடுவேன். இனியாவுக்குப் பதினாறு வயது. நின்ற இடத்திலேயே படித்தாள்.

"அப்பா, கீழ் வீட்டு க்ரூகர் உங்க மேல கம்ப்ளைண்ட் குடுத்திருக்கார். நீங்க அவரை மிரட்டினீங்களாம்."

நடந்தது இதுதான். எங்கள் கட்டடத்தில் எட்டுக் குடும்பங்களுக்கும் சேர்த்து அடித்தளத்தில் ஒரு துணி காயப்போடும் அறை. யாருக்கு எந்தக் கிழமை என்று கதவில் அட்டவணை ஒட்டியிருக்கும். என் மனைவி கிழமை மாறிப் போட்டுவிட்டாள். அவளுடைய சேலையிலிருந்து சாயம் சொட்டி க்ரூகரின் வெள்ளைப் படுக்கைவிரிப்பில் விழுந்திருக்கிறது. அவர் சேலையை உருவி, தரை துடைக்கிற வாளிக்குள் போட்டுவிட்டார். நான் படியிறங்கிப் போய்க் கத்தினேன். கடைசியில், "உன்னைப் பாத்துக்கிறேன்" என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் ஜெர்மனில் சொல்லிவிட்டு வந்தேன். எழுபத்தாறு வயது மனிதர், தனியாக இருப்பவர். இன்னொரு நாள் வந்து ஏதோ செய்யப்போகிறேன் என்று அவர் புரிந்துகொண்டார்.

இங்கே இப்படிப்பட்ட புகாரை எடுத்துக்கொண்டு நேராக நீதிமன்றத்துக்குப் போய்விட முடியாது. நகராட்சி நியமித்த ஒருவர் முன்னால் இரண்டு பேரும் முதலில் உட்கார வேண்டும். அவர் நீதிபதியோ வக்கீலோ இல்லை. அந்தப் பகுதியில் குடியிருக்கும் சாதாரண ஆள், சம்பளமும் கிடையாது. பேசித் தீர்ந்தால் தீர்ந்தது. கடிதத்தில் 'ஃபெர்க்ளைஷ்' என்று ஒரு சொல் இருந்தது. கடையில் விலையை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் விளம்பரங்களில் பார்த்திருக்கிறேன். "என்னை யாரோட ஒப்பிடப் போறாங்க?" என்று கேட்டேன். இனியா சிரித்துவிட்டாள். சட்டத்தில் அதற்குச் சமரசம் என்று பொருளாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வாரத்தில்தான் மூக்கையா இறந்து மூன்று வருஷம் முடிந்தது.

2

மூக்கையா எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியின் ஆபரேட்டர். கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, நான்குவழிச் சாலையின் சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் ஊர். காலையில் மோட்டார் போட்டு, வால்வு திறந்து, எங்கள் தெருக்களுக்கும் காலனிக்கும் தண்ணீர் விடுவது அவர் வேலை. அவர் வீடு காலனியில். யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது தண்ணீர் திறக்கிறவருக்குத் தெரியாமல் போகாது.

என் அக்கா செல்வி அங்கன்வாடியில் டீச்சர். கல்யாணமாகி உள்ளூரிலேயே இருக்கிறாள். எங்கள் தெருவுக்கும் காலனிக்கும் ஒரு முறை கைகலப்பு ஆகி, தாலுகா ஆபீசில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வந்த மறு மாதமே திரும்பவும் அடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அக்காவும் மூக்கையாவும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு குழுவாக உட்கார ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அங்கன்வாடியில் பாய் விரித்து உட்காருவார்கள்.

பஞ்சாயத்து என்ற சொல்லை அக்கா பக்கத்திலேயே சேர்க்கமாட்டாள். பஞ்சாயத்து என்றாலே எங்கள் பக்கத்தில் அபராதம், காலில் விழவைப்பது, ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது. இவர்களிடம் அது எதுவும் இல்லை. ஒருவர் பேசி முடிக்கிற வரைக்கும் மற்றவர் வாய் திறக்கக்கூடாது. முடித்ததும், எதிராளி தான் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில். "இம்புட்டுத்தான்டா விசயம். பாதிச் சண்ட திருப்பிச் சொல்லும்போதே கொறஞ்சிரும்" என்று அக்கா ஒரு முறை போனில் சொன்னாள். நான் லிஃப்ட்டின் மேல் நின்றுகொண்டு, ஒரு கையில் ஸ்பானரோடு, உம் கொட்டினேன்.

குழுவுக்கு வந்ததிலேயே கஷ்டமான வழக்கு சுடுகாட்டுப் பாதை. காலனியில் யாராவது இறந்தால் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றித்தான் தூக்கிப் போக வேண்டும். மழைக்காலத்தில் கரை வழுக்கும். சில இடங்களில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் கடலைக் காட்டின் ஓரமாகப் பத்தடி விட்டால் நேராகப் போய்விடலாம். அப்பா இறந்த பிறகு அந்த நிலம் எனக்கும் அக்காவுக்கும் கூட்டுப் பட்டா. ஏழு மாதம் பேசி, எங்கள் தெருப் பெரியவர்களைச் சம்மதிக்க வைத்தாள் அக்கா. மூக்கையாவும் தன் பக்கத்து இளைஞர்களிடம், பாதை கிடைத்தால் எங்கள் தெரு வழியாக மேளம் அடித்துப் போவதில்லை என்று ஒப்புதல் வாங்கினார். பாக்கி இருந்தது என் கையெழுத்து மட்டும்.

துணைத் தூதரகத்துக்குப் போய் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினால் போதும். நேரம் பதிவு செய்ய வேண்டும், ஃபிராங்ஃபர்ட் போய்வர ஒரு நாள் லீவு வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். உண்மையில் அதெல்லாம் காரணமில்லை. அக்கா என்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டாள் என்ற கோபம். நான் இல்லாமலேயே ஊர் தன் காரியத்தைப் பேசித் தீர்த்துக்கொள்கிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

3

ஊர்க்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. சிங்கப்பூர், துபாய், சென்னை என்று சிதறிக் கிடப்பவர்கள்தான் அதில் அதிகம் பேசுவோம். என் சித்தப்பா மகன் கார்த்தி அதில் எழுதினான்: "பாலு அண்ணே, உங்க காட்டுல பாதை போகுதாமே. உங்களுக்குத் தெரியுமா?"

மதியச் சாப்பாட்டு இடைவேளை. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் தனியாக இருந்தேன். குரல் பதிவாகப் பேசி அனுப்பினேன். நாற்பது விநாடி இருக்கும்.

"எங்கப்பா வேர்வை சிந்தி வாங்குன நெலம்ப்பா அது. என் கையெழுத்து இல்லாம எவனும் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. எங்கக்கா பேசுனா அது அவ பேச்சு. நம்ம தெருவுல ஆம்பளைங்க இருக்கீங்களா இல்லையா?"

அந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கைதட்டும் படங்கள் வரிசையாக வந்தன. சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

என் குரலை டீக்கடையில் சத்தமாகப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஏழு மாதப் பேச்சு ஒரு சாயங்காலத்தில் கலைந்தது. சம்மதம் சொன்ன பெரியவர்கள் ஒவ்வொருவராக, "நெலத்துக்காரனே வேணாங்கறான், நாங்க என்ன செய்ய?" என்று அக்காவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா எனக்கு இருபது தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

அடுத்த வாரம், ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து கிடந்தபோது, காலனியில் காளியம்மாள் என்ற வயதான பெண் இறந்துபோனார். கார்த்தி எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான். "அண்ணே, நாளைக்கு நம்ம காட்டு வழியாத் தூக்கிட்டு வாராய்ங்களாம். முள் வெட்டிப் போட்டாச்சு. கல்லும் அள்ளி வச்சிருக்கோம். வரட்டும், பாத்துக்கிறோம்."

கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

மறுநாள் பாடை முள்வேலிக்கு முன்னால் வந்து நின்றது. மூக்கையா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் போய் நின்றாராம். தன் பக்கத்து ஆட்களைப் பார்த்து, "பின்னால போங்கப்பா, கரை வழியாவே போயிருவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின்மண்டையில் கல் விழுந்தது. பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து இறந்தார்.

கார்த்தி உட்பட மூன்று பேர் கைதானார்கள். பிறகு ஜாமீனில் வந்தார்கள். திடீர்க் கலவரம், யார் கல் என்று தெரியாது, தற்காப்புக்காக எறிந்தோம் என்பது அவர்கள் தரப்பு. முதல் தகவல் அறிக்கையில் என் பெயர் இல்லை. சாட்சிப் பட்டியலிலும் இல்லை. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவனுக்கு இதில் என்ன?

அக்கா அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

4

சமரசத்துக்கு நகராட்சி நூலகத்தில் ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தது டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற பெண்மணி. ஃபிளாஸ்கிலிருந்து மூன்று பேருக்கும் காப்பி ஊற்றினார். எனக்கு மொழி தடுமாறும் என்று இனியாவைப் பக்கத்தில் உட்கார அனுமதித்தார்.

முதலில் க்ரூகர் பேசினார். அவர் முடிக்கும்வரை நான் பேசக்கூடாது என்று அந்தப் பெண்மணி சொன்னபோதே எனக்கு அக்காவின் பாய் நினைவுக்கு வந்தது. க்ரூகர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து படுக்கப்போகும்போது வாசற்கதவின் கைப்பிடிக்குக் கீழே நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கிறார். என் காலடிச் சத்தம் படியில் கேட்டால், அது மேலே ஏறி முடிகிறவரை அசையாமல் நிற்கிறார்.

என் முறை வந்தது. நான் தமிழில் சொன்னேன்: "எங்க பேச்சுல அது சும்மா வார்த்தைம்மா. கோவத்துல எல்லாரும் சொல்றதுதான். அதுக்கு அர்த்தமே கிடையாதுன்னு சொல்லு."

இனியா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மொழிபெயர்த்தாள்.

நாற்பது நிமிடத்தில் முடிந்தது. சேலையை வாளியில் போட்டதற்கு அவர் வருத்தம் தெரிவித்தார். பயமுறுத்தியதற்கு நானும் தெரிவித்தேன். ஒரு பக்கத் தாளில் கையெழுத்திட்டோம். க்ரூகர் இனியாவுக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார்.

வீடு திரும்பும் டிராமில் அவள் கேட்டாள். "அப்பா, நெஜமாவே அது சும்மா வார்த்தையா? அதைச் சொல்லிட்டு யாரும் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். போனை எடுத்து, மூன்று வருஷமாக அழிக்கவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் வைத்திருந்த கார்த்தியின் செய்தியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் எழுத்து அவளுக்கு வராது. எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொன்னேன். கண்மாய் என்றால் என்ன, பாடை என்றால் என்ன, முள்ளை எதற்கு வெட்டிப் போடுவார்கள் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள். கட்டைவிரலுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை.

"இது நீங்க போட்டதா?" என்றாள்.

தலையாட்டினேன். அவள் எழுந்து இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு பத்து நாள் என்னோடு ஜெர்மனில் மட்டும்தான் பேசினாள். அதிகாரிகளிடமும் அந்நியர்களிடமும் பேசும் மரியாதைப் பன்மையில்.

5

டிசம்பரில் தனியாக ஊருக்குப் போனேன். மதுரையில் இறங்கி, மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்து, அக்கா வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றேன். அவள் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"பத்திரத்துல கையெழுத்துப் போட வந்திருக்கேன்க்கா. மூக்கையா வீட்டுலயும் மன்னிப்புக் கேக்கணும். நீ நடுவுல உக்காரணும்."

"கையெழுத்த நாளைக்கே போடு. மத்தது, பஞ்சவர்ணத்தக் கேட்டுத்தான் சொல்ல முடியும். அவங்க வரமாட்டேன்னா நான் கூப்பிட மாட்டேன்."

பஞ்சவர்ணம் மூக்கையாவின் மனைவி. மூன்று நாள் கழித்து வரச் சம்மதித்தார். அதற்குள் பத்திரப் பதிவு முடிந்திருந்தது. அங்கன்வாடிச் சுவரில் காய்கறிப் படங்களுக்குக் கீழே பாய் விரித்திருந்தது. அக்கா இருவருக்கும் சம தூரத்தில் உட்கார்ந்தாள். "இங்க நான் ஒனக்கு அக்கா இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "நீங்க சொல்லுங்க பஞ்சவர்ணம்" என்றாள்.

அவர் என்னைப் பார்க்காமல்தான் பேசினார். "அன்னிக்கு மழையில வால்வு தெறந்துட்டு வந்து ஈரச் சட்டையோட நின்னாரு டீச்சர். மாத்திட்டுப் போங்கன்னேன். வந்து மாத்திக்கிறேன்னு போனாரு. அதுக்கு மொத வாரம் டீக்கடையில இவுக கொரலப் போட்டப்ப அவரு அங்கதான் நின்னிருக்காரு. வீட்டுக்கு வந்து என்ன சொன்னாருங்கிறீங்க? 'பாலு மோசமான ஆளு இல்ல. தூரத்துல இருக்காப்ல, வெவரம் தெரியாமப் பேசிட்டாரு. டீச்சர் எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்குவாரு'ன்னாரு. அம்புட்டுத்தான் டீச்சர்."

"கேட்டதத் திருப்பிச் சொல்லு" என்றாள் அக்கா.

ஈரச் சட்டை வரை சொன்னேன். அக்கா காத்திருந்தாள். பஞ்சவர்ணமும் காத்திருந்தார். 'பாலு மோசமான ஆளு இல்ல' என்பதை என் வாயால் சொல்ல மூன்று தடவை முயன்றேன். சொல்லி முடித்ததும் முன்னால் சரிந்து அவர் காலைத் தொடப் போனேன்.

"எந்திரி" என்றாள் அக்கா. "இங்க கால்ல விழுற பழக்கம் கெடையாது."

"விழுந்துட்டு நீங்க லேசாப் போயிருவீங்க" என்றார் பஞ்சவர்ணம். "எனக்கு என்ன ஆகப்போகுது?"

அப்போதுதான் கார்த்தியின் செய்தியைப் பற்றியும், கல் முன்கூட்டியே அள்ளி வைக்கப்பட்டதை அவனே எழுதியிருப்பதையும், என் பதிலையும் சொன்னேன். அக்காவுக்கும் அது தெரியாது.

பஞ்சவர்ணம் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "அதக் கொண்டுபோய் ஸ்டேசன்ல குடுங்க. எனக்கு ஒங்ககிட்ட வேற ஒண்ணும் வேணாம்."

அவர் போன பிறகு அக்காவிடம் கேட்டேன். "கார்த்திக்குச் சின்னப் புள்ள இருக்கு. ரெண்டு வீட்டையும் உக்கார வச்சுப் பேசி முடிக்க வழியே இல்லையாக்கா?"

"சித்தப்பாவும் அதத்தான் கேட்டாரு. எத்தன தடவ வந்தாரு தெரியுமா? வரப்புச் சண்டையப் பேசலாம், ஆடு மேஞ்சதப் பேசலாம். உசுரு போனதுக்கு நான் எப்படிடா பேசித் தீக்கிறது? அதுக்குக் கோர்ட்டு இருக்கு. அதையும் நாங்க பேசி முடிச்சா, நாளைக்கு எங்க பாயில எவன் நம்பி வந்து உக்காருவான்?"

மூன்று வருஷமாக அந்தப் பாயில் யாரும் உட்காரவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. சுருட்டும்போது பார்த்தேன். மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தது.

6

காலையில் கார்த்தி வந்தான். எப்படியோ தெரிந்திருக்கிறது. உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்றான். இளைத்துப்போயிருந்தான்.

"அண்ணே, அதக் குடுத்தீங்கன்னா நான் உள்ள போயிருவேண்ணே."

"தெரியும்டா."

"நீங்க பேசினதுனாலதான நாங்க எறங்குனோம்? நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க. நான்?"

அவன் கேட்டதில் தப்பு இல்லை. "நான் பேசுனதையும் சேத்துத்தான் குடுக்கப்போறேன்" என்றேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சிறுவயதில் கிணற்றில் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் நான்.

ஸ்டேஷனில் போனை வாங்கிவைத்துக்கொண்டு வாக்குமூலம் எழுதினார்கள். செய்தி அனுப்பியவர் என்ன உறவு என்று கேட்டார் எழுதிக்கொண்டிருந்தவர். தம்பி என்றேன். கோர்ட்டில் கூப்பிடும்போது வர வேண்டியிருக்கும், வெளிநாடு என்று சாக்குச் சொல்லக்கூடாது என்றார். என் மேலும் வழக்கு வருமா என்று கேட்டேன். அது எங்களுக்கு மேலே இருப்பவர்கள் முடிவு செய்வது என்றார். இதை எழுதும் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

மத்தியானம் திரும்பியபோது அங்கன்வாடி வாசலில் பஞ்சவர்ணம் நின்றிருந்தார். நான் ஸ்டேஷனுக்குப் போனதைப் பற்றிக் கேட்கவில்லை. அக்காவிடம் வேறு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ரெண்டு ஆடும் சித்தப்பாவின் தோட்டத்துக்குள் போய்விட்டன. காலையிலிருந்து கட்டிவைத்திருக்கிறார்கள். காலனிப் பையன்கள் கூட்டமாகப் போய் அவிழ்த்து வரக் கிளம்பினார்கள். இவர்தான் தடுத்துவிட்டு ஓடிவந்திருக்கிறார்.

அக்கா செருப்பை மாட்டினாள்.

"நானும் வாரேன்க்கா" என்றேன்.

"நீ வராத. நீ வந்தா ஆடு வராது."

எங்கள் தெருவின் கடைசி வீடு சித்தப்பாவுடையது. அங்கன்வாடி வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். அக்கா கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். கதவு திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு கூப்பிடுவதையும் விட்டுவிட்டுச் சும்மா நின்றாள். வெயில் அவள் தலைக்கு மேலிருந்து முதுகுக்கு இறங்கியது. தெருவில் ஜன்னல்கள் திறந்து மூடின. யாரோ ஒரு பெண், நம்ம வீட்டுப் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தவனின் அக்கா என்று காதில் விழும்படியாகவே சொன்னாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பஞ்சவர்ணம் என் பக்கத்தில், ஒரு ஆள் இடைவெளி விட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான்கு மணிக்கு மேல் கதவு திறந்தது. சித்தப்பா பின்பக்கம் போய் ரெண்டு ஆட்டையும் அவிழ்த்துக்கொண்டு வந்தார். கயிற்றை அக்கா கையில் கொடுக்கவில்லை. அவள் காலடியில் தரையில் போட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா குனிந்து எடுத்து, சாத்திய கதவைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அடுத்த வாரம் ரெண்டு பேரும் வந்து உக்காருங்கன்னு கதவுக்கு வெளிய நின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள் பஞ்சவர்ணத்திடம். "அவரு வருவாரான்னு தெரியாது. நீங்க?"

"பாப்போம் டீச்சர்."

கயிற்றை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். அந்த வாரத்தில்தான் பதிவாகி, முள்ளை அகற்றி, கல்லுக்கால் நட்டிருந்த பத்தடிப் பாதை காட்டோரத்தில் காலனிப் பக்கம் நேராகப் போனது. அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை. ஆடுகளை இழுத்துக்கொண்டு, வழுக்கும் கரை மேல் காலை ஊன்றி ஊன்றி, கண்மாயைச் சுற்றிக்கொண்டு போனார்.